மாற்றச் சொல்லாத பெல்ட்

"ஐயா, டைமிங் பெல்ட் தும்பு தும்பாய் நிக்குது. வாட்டர் பம்ப்பும் ஒழுகுது. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ரண்டையும் சேத்து மாத்தவேணும்" என்றான் மெக்கானிக் குணரத்தினம்.

"உன்னட்டைக் கேட்டனானே? பிரேக்கை மட்டும் பார்" என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் வேலாயுதபிள்ளை.

"பெல்ட் அறுந்தால் எஞ்சினே துலைஞ்சு போம், ஐயா!"

"போகட்டும்."

இப்படியும் ஒரு கஞ்சனா என்று குணரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நல்ல எஞ்சின் சாவதைப் பார்த்திருக்க அவனால் முடியவில்லை. அடிபட்டுக் கிடந்த வேறொரு காரிலிருந்து, அதிகம் ஓடாத பெல்ட்டையும் பம்ப்பையும் கழற்றிக் கூலி கேளாமலே பூட்டினான்.

மறுநாள் காரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது வாசலில் துப்பாக்கியும் கையுமாய் இயக்கப் பொடியள் இருவர் நின்றார்கள்.

"அண்ணை, கார் எப்பிடி?"

"பெல்ட்டும் பம்ப்பும் மாத்தியாச்சு, தம்பி. கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்" என்றான் குணரத்தினம் பெருமையோடு.

"அப்ப இதை நாங்கள் எடுக்கிறம், ஐயா" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வேலாயுதபிள்ளை படலைக் கதவை அறைந்து சாத்திவிட்டுக் குணரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"பாவி! மூண்டு தரம் வந்து, அந்தப் பழைய பெல்ட்டைப் பாத்திட்டுத்தானேயடா வேண்டாமெண்டு விட்டிட்டுப் போனவங்கள்!"