கொம்பின் அடித்துண்டு

ஹாகனின் வண்டி என் பட்டறை வாசலில் வந்து நின்றது.

போன நவம்பரில் தான் சுட்ட மானின் கொம்பு என்று சொல்லி, அதைக் கைப்பிடியில் பதித்து ஒரு பில்லியர்ட்ஸ் கோல் செய்யச் சொல்லியிருந்தார். லேத்தில் ஏற்றியதும் கொம்பு பிளந்து தூளாகிவிட்டது. வேறொரு மானின் கொம்பைப் போட்டு ஒப்பேற்றியிருந்தேன். எங்கள் விஸ்கான்சினில் ஒருவனின் மனைவியைப் பழித்தால்கூடப் பொறுப்பான், மானை மாற்றினால் விடமாட்டான்.

ஹாகன் ஆறரை அடி ஆள். கோலை வாங்கி, கைப்பிடியில் நான் கொம்பால் கடைந்து பதித்த வெள்ளை வளையத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு போய்க் கதவைச் சாத்தினார்.

"மிச்சக் கொம்பு எங்க, வெர்லின்?"

"குப்பையில போட்டுட்டேன்."

"தலையோட ஒட்டியிருக்குமே, அந்த அடித்துண்டு?"

"அதுவும்தான்."

"போடறதுக்கு முன்னாடி அதைப் பாத்தியா?"

நான் கவனித்திருக்கவில்லை. ஆனாலும் பயத்தில், "பாத்தேன்" என்றேன்.

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"சத்தியமா இல்ல. என்னை மன்னிச்சுடுங்க..."

அவர் என் தோளைப் பிடித்தார். குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ எதுக்குய்யா மன்னிப்பு கேக்கற? சுட்ட மானா இருந்தா மண்டையோட்டுலேர்ந்து அறுத்த தடம் இருக்கும். இது தானா உதிர்ந்த கொம்புன்னு அடியப் பாத்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும். காட்டுல பொறுக்கினேன்ப்பா. வண்டியில மாமனார் உக்காந்திருக்காரு. அவர்கிட்ட மட்டும் வாயத் திறந்துடாத."