நித்திலாவின் சட்டை

நித்திலா நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழக நடனத் துறையின் விதி அப்படி: நாயகியாக ஆடுகிறவளின் பயிற்சிச் சட்டையை, நிகழ்ச்சிக்கு முதல் நாள், மாற்றாக இருப்பவள் போட்டு ஆடிப்பார்க்க வேண்டும். நாயகியின் உடம்பு கற்றதையெல்லாம் சட்டை மாற்றாக வருபவளின் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.

வலியையும் சொல்லுமா? யாரிடம் போய்க் கேட்பது? மூன்று வாரமாக இடது முட்டியின் வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறாள். தெரிந்தால் நாயகி வேடம் கைநழுவிப் போய்விடும்.

அவளுக்கு மாற்றாக இருந்த ரெபேக்கா, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேடையில் முட்டிகளை விரித்து அரைமண்டியில் அமர்ந்தாள். முகம் சுருங்கி, இடது கால் தாங்காமல் மடங்கியது.

"மறுபடியும்" என்றார் நடன ஆசிரியை புவனா மேடம்.

மறுபடியும் அதே இடத்தில் மடங்கியது. ரெபேக்கா நித்திலாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வலி யாருடையது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் நாயகி வேடம் அவளுக்குத்தான்.

"கால் வழுக்கிடுச்சு மேடம்" என்றாள்.

"மூணு வருஷம் படிச்சும் ஒழுங்கா உக்காரத் தெரியல. மாற்றாக்கூட நீ வேண்டாம். கழட்டு!"

ரெபேக்கா சட்டையின் கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

நித்திலா எழுந்தாள். முட்டி சுருக்கென்றது. மூன்று வாரத்தில் முதல்முறையாக, எல்லோரும் பார்க்க, நொண்டிக்கொண்டே மேடையேறினாள்.