செவி: கோமதிநாயகம்

எங்கள் ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு காரின் ஸ்டீரியோவும், அன்றைக்கு என் காதுக்கு எது நிறைவாகக் கேட்கிறதோ, அந்த ஒலிக்குத் தன்னைத் திருத்திக்கொண்டுதான் வெளியே வரும். அதன் கீழே ‘செவி: கோமதிநாயகம்’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருப்பார்கள். பதினான்கு ஆண்டுகளாக அதுதான் எங்கள் குடும்பத்தின் கௌரவம்.

சென்ற மாதம் என் மகள் செண்பகா புதுக் கார் வாங்கினாள். பாட்டைப் போட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

“அப்பா, ஜால்ரா சத்தத்துல பல்லு கூசுது.”

“என் காது தப்பாது. உன் காதைப் போய் டாக்டர்கிட்ட காட்டு.”

“கோவப்படாதீங்க. என் பழைய கார்லயும் இதே பாட்டைக் கேளுங்க.”

அதுவும் என் பெயர்த் தகடு போட்ட கார்தான், பத்து வருடத்துக்கு முந்தையது. அதில் ஜால்ரா எனக்குக் கேட்கவே இல்லை.

“உனக்குக் கேக்குதா?”

“கணீர்னு கேக்குதே, அப்பா.”

நான் இழந்த ஒலியைத்தான் புதுக் கார்கள் கத்திக் கத்தி ஈடுகட்டிக்கொண்டிருந்தன. அன்றே தொழிற்சாலை மேலாளரிடம் பேசினேன்.

“யாரும் புகார் சொல்லலையே, சார். வேற காதை வச்சுத் திருத்திடுறோம். உங்க பேரு அப்படியே இருக்கட்டும்” என்றார்.

“என் காது இல்லாத வண்டியில என் பேரு எதுக்கு? கழட்டுங்க.”

நேற்று செண்பகாவின் காரைத் திருத்தி அனுப்பினார்கள். தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன. அதே பாட்டைப் போட்டாள்.

“இப்ப எப்படிப்பா இருக்கு?”

ஜால்ரா எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சரியா இருக்கு” என்றேன்.