பக்கத்து அறைக்கு வந்தவர்

அவர் உள்ளே காலை வைக்கும்போதே சிவமணிக்குத் தெரிந்துவிட்டது, அறை மாறி வருகிறார் என்று.

வெள்ளைச் சேட், கழுத்தில் கறுத்த ரை, கையில் மடித்த குடை. ஆளைப் பார்த்தாலே பள்ளிக்கூட அதிபர் என்று சொல்லலாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு கொடுத்தாலும் அந்த நடைக்கு ஒருவரும் ஓய்வு கொடுக்க முடியாது.

காலையிலிருந்து பக்கத்து அறைக்காரர், அதிபர் வந்துவிட்டாரா என்று வாசலுக்கும் றோட்டுக்கும் நடந்தபடி இருந்தார்கள். அங்கே பெட்டியில் கிடத்தியிருந்தவர் பொறியியலாளர் சிவபாலன். கொட்டாஞ்சேனையில் அதிபராக இருந்த சவுந்தரநாயகத்தின் பழைய மாணவர். அதிபருடைய சிறப்புரை என்று வாசலில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

பிரேதம் பார்வைக்கு வைக்கிற அந்த மலர்ச்சாலையின் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் சனம் நிற்க இடமில்லை. சனம் இருக்கக் கதிரை போதாமல் இந்தப் பக்கத்துக் கதிரைகளையும் கொண்டுபோய்விட்டார்கள். பாவம், கேட்டுத்தான் எடுத்தார்கள். சிவமணியும் தலையாட்டினாள். இருக்க ஆள் வேண்டுமே.

இந்தப் பக்கம் அவளுடைய அப்பா.

கொழும்பில் சாகிறதென்றாலும் நாலு பேரைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொண்டுதான் சாக வேண்டும். அப்பாவுக்கு அது தெரியாமல் போய்விட்டது. கனடா விசாவுக்காக வெள்ளவத்தையில் ஓர் அறையை எடுத்துக்கொண்டு மகளும் அவருமாகக் காத்திருந்தார்கள். விசா வருவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த காலம். ஊரிலிருந்து ஒரு குருவியும் வர வழியில்லை.

அம்மா முன்னமே அண்ணனோடு கனடாவுக்குப் போய்விட்டவள். ரெலிபோனில் அழுதழுது ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். செத்தவீட்டை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எவ்வளவு சனம் வந்தது, அவரைப் பற்றி ஆர் பேசினது, எல்லாம் தான் பார்க்க வேண்டும்.

வீடியோக்கார மஷூர், வந்திருந்த ஐந்தாறு முகங்களையே எல்லாப் பக்கத்தாலும் எடுத்துக் களைத்துப் போயிருந்தான். பேச்சு என்று பார்த்தால், வீட்டுக்கார அம்மா விசும்பியபடி, நல்ல மனிசன், ஒரு நாளும் தண்ணீர்க் குழாயைப் பூட்டாமல் விட்டதில்லை என்று சொன்னது மட்டுந்தான். ஐயர் தன் வேலையை முடித்துவிட்டார். பெட்டியை மூடுகிற நேரமும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் அதிபர் வந்தார்.

பெட்டியின் தலைமாட்டில் கைகூப்பி நின்றார். தடித்த கண்ணாடிக்குள்ளால் நெடுநேரம் பார்த்தார். பிறகு கமரா இருந்த பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

சேர், பக்கத்து அறை என்று சொல்ல அவளுக்கு வாய் உன்னியது. மஷூர் கமராவைத் தோளில் ஏற்றிவிட்டான். அவள் சொல்லவில்லை. களவெடுத்தவளைப் போல வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அதிபர் ஆறுதலாகப் பேசினார். படிப்பு என்றால் என்னவென்று பெற்றோர் தன்னிடம் கேட்பார்களாம். பக்கத்திலிருக்கிற பிள்ளையிடம் பென்சில் இல்லாவிட்டால் தன்னுடையதை முறித்துப் பாதி கொடுக்கிற பிள்ளை படித்த பிள்ளை, மற்றதெல்லாம் சோதனை எழுதுகிறதற்கு என்று சொல்வாராம். இந்த மனிதர் பாதி கொடுத்து வாழ்ந்த மனிதர் என்றார்.

அப்பா ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் ரியூப்புக்கு ஒட்டுப்போட்டு, ஓடு ஓடு, மணி அடிக்கப் போகுது என்று தள்ளிவிடுவார். சிவமணிக்கு அழுகை வந்துவிட்டது. ஆருக்கோ தைத்த சட்டை அப்பாவுக்கு அவ்வளவு அளவாக இருந்தது.

ஆனால் பயம் விடவில்லை. இப்போது சொல்லப் போகிறார், சிவபாலன் என்று. ஒரு தரம் சொன்னால் போதும், எல்லாம் பாழ். அம்மா ரொறன்ரோவில் இருந்து, இது ஆரடி சிவபாலன் என்று கேட்பாள். அவருடைய வாய் அசையும்போதெல்லாம் இவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள்.

இவர் என்றார். இந்தத் தகப்பன் என்றார். நல்ல மனிதர் ஒருவரை வழியனுப்பக் கூட்டம் தேவையில்லை, நன்றி உள்ள ஒரு பிள்ளை போதும் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். கடைசி வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை.

பேசி முடிக்கவும் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். வாசலில் நின்று, சேர், அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கினம் என்று சைகை காட்டினார்.

பிடிபட்டுவிட்டேன் என்று சிவமணி தலையைக் குனிந்தாள்.

அதிபர் அந்த மனிதரைக் கையால் அமர்த்தினார். குடையைச் சுவரோடு சாத்திவிட்டு அவளுக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

"சிவபாலனுக்குப் பேச அங்க கனபேர் வரிசையில நிக்கினம், பிள்ளை. அப்பான்ர பேரைச் சொல்லுங்கோ, பேரோட இன்னொருக்காப் பேசுவம்."

கொழும்புக்கு வந்த பிறகு, பொலிஸ் பதிவுக்கும் விசாவுக்கும் அல்லாமல் அந்தப் பேரை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கமராவுக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்.

"இளையதம்பி ராமையா."