எனக்கு ஒண்டுமில்லை

"எனக்கு ஒண்டுமில்லையடா, அவிழ்த்து விடுங்கோ!" என்று சண்முகரத்தினம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி கத்தினார்.

ஜெயராஜ் குனிந்து இடுப்புப் பட்டியை இன்னொரு இழுப்பு இழுத்து இறுக்கினான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அடிபட்டவன் தனக்கு ஒன்றுமில்லை, நடப்பேன் என்று சொன்னால் நம்பாதே, அது அதிர்ச்சியில் பேசுகிற பேச்சு, கட்டித் தூக்கு என்று பிரிக்பீல்ட்ஸ் திடலில் ஞாயிறு தவறாமல் இந்தத் தொண்டர் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தொண்டை வற்றக் கத்தியவர் யார்? மீட்புக் குழுத் தலைவர் சண்முகரத்தினமேதான்.

நடந்தது இவ்வளவுதான். உலு லங்காட் மலையில் முதல் நாள் காணாமல் போன வேலாயுதம் என்கிற லோரி டிரைவரைத் தேடி, விடிந்ததும் இரண்டு குழுவாக ஏறினார்கள். வழியில் ஒரு வேர் தடுக்கித் தலைவர் உட்கார்ந்தார். விழக்கூட இல்லை, உட்கார்ந்தார். கணுக்கால் லேசாகப் பிசகியது. மாதக்கணக்கில் நிஜமான காயக்காரர் ஒருவரும் கிடைக்காமல் கை அரித்துக் கிடந்த கூட்டம் அப்படியே பாய்ந்து அமுக்கிவிட்டது.

கீழே பத்திரிகைக்காரன் கேமராவோடு நிற்கிறான். சண்முகரத்தினமோ ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. மலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மனைவி கனகேஸ்வரி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்களை ஆர் தூக்கிக்கொண்டு வாறது?" நாளைக் காலைப் பேப்பரில் அதற்குப் படத்தோடு பதில் வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மானம் கப்பலேறும்.

"டேய், நான் லீடர். இறக்கச் சொல்லி ஓடர் போடுறன்!"

"பேசாம படுங்க அங்கிள். இப்ப நீங்க லீடர் இல்ல லா, அடிபட்ட கேஸ்," என்றான் ஜெயராஜ்.

தூக்க ஒரு ஆள் குறைந்தது. அந்த நேரம் பார்த்து மூங்கில் புதரிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். மேலே தேடப் போன இன்னொரு குழுவில் செந்தூல், டெங்கில் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த தொண்டர்கள். யார் முகம் யாருக்குத் தெரியும்? வேடிக்கை பார்க்கிற நேரமா இது, வந்து பிடி என்று ஜெயராஜ் அதட்டினான். அவன் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு ஓடி வந்து தலைமாட்டில் பிடித்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே தூக்கினான்.

ஓடைக்கரையில் இளைப்பாறினார்கள். காணாமல் போனவனுக்கென்று கொண்டு வந்த ரொட்டியையும் சார்டின் டின்னையும், ஆள்தான் கிடைக்கவில்லையே என்று ஜெயராஜ் பிரித்து வைத்தான். புதிதாக வந்தவன் மற்றவர்களுக்கு ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் ரொட்டியைத் தின்று தீர்த்தான். டின்னை விரலால் வழித்து நக்கினான்.

இது காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவனுடைய பசி இல்லையே என்று சண்முகரத்தினம் தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். கிழிந்த கட்டம் போட்ட சட்டை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. காலையில் வேலாயுதத்தின் மனைவி அவரிடம் அழுதழுது சொன்ன அடையாளம் இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன.

ஐயோ முருகா! தேடப்பட்டவன் தூக்கிக்கொண்டு வருகிறான், தேடப் போனவர் படுத்துக்கொண்டு வருகிறார்.

"ஜெயராஜ்! இவன்தானடா அவன்! வேலாயுதம்!"

"பாவம், கண்டபடி பேச ஆரம்பிச்சிட்டாரு," என்று ஜெயராஜ் ஈரத் துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டான்.

மறுபடி தூக்கியபோது தலைமாட்டுக்காரன் அவர் காதருகே குனிந்தான்.

"அங்கிள், கும்பிடக்கூட முடியல, கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க. குறுக்கு வழி தெரியும்னு மச்சானுங்ககிட்ட வாய் விட்டுட்டு ஏறினேன். தொலைஞ்சு போனேன்னு தெரிஞ்சா சாகற வரைக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க."

சண்முகரத்தினம் மனசுக்குள் கணக்குப் போட்டார். கீழே போனதும் இவனைக் கை நீட்டிக் காட்டினால் போதும். கேமரா அந்தப் பக்கம் திரும்பிவிடும். தன் மானம் பிழைத்துக்கொள்ளும். ஊர் பேர் தெரியாத லோரி டிரைவர் எக்கேடு கெட்டுப் போனால் அவருக்கென்ன?

அடிவாரத்தில் வேலாயுதத்தின் மனைவி சந்திரகலா புருஷனைப் பார்த்ததுதான் தாமதம், ஓடி வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் ஜெயராஜுக்கு விஷயம் உறைத்து வாய் பிளந்தது. அவள் பின்னால் அண்ணன் தம்பிகள் வந்தார்கள். மூத்தவன் முகத்தில் சிரிப்பு அரும்பிவிட்டது.

"என்ன மச்சான், குறுக்கு வழி..."

வேலாயுதம் தலை குனிந்து நின்றான். ஸ்ட்ரெச்சரை மட்டும் விடவில்லை. பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கினான்.

சண்முகரத்தினம் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளே கனகேஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சனியன், வருவது வரட்டும்.

"ஐயோ, என்ர கால்!" என்று மலை அதிர அலறினார். "பிள்ளை, உம்மட மனுசனை ஏசாதேயும்! இவர் இல்லாட்டி என்னைப் பிணமாத்தான் இறக்கியிருப்பினம்!"

மூத்த மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது. கேமரா கிளிக்கென்றது.

பிறகு மூத்தவன் மெல்லக் கிட்டே வந்து, களைத்துப் போயிருப்பீங்க, குடுங்க மச்சான், நான் பிடிக்கிறேன் என்று கையை நீட்டினான்.

வேலாயுதம் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரைக்கும் அவனே தூக்கினான்.