ட்ராம் வரலாற்றின் முதற்பதிப்பு

“நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ ஐயா” என்றான் படமெடுக்க வந்தவன். கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த செல்வரத்தினம் பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு, மேதைகள் பார்க்கும் தூரத்தைப் பார்த்தார். ஹரோவில் அவர்கள் குடியிருந்த வீட்டு யன்னலுக்கு வெளியே அந்தத் தூரத்தில் கவுன்சில் குப்பைத்தொட்டிதான் நின்றது.

பிளாக்பூல் கடற்கரையில் மின்சார ட்ராம் ஓடிய வரலாற்றைத் தமிழில் எழுதிய முதல் மனிதர் அவர். சொன்னவரும் அவரே, இரண்டாவது மனிதர் போட்டிக்கு வராததால் மறுப்பாரில்லை. அந்த ஊருக்கு ஒரே தரம் கோயில் பஸ்ஸில் போனவர், வழியெல்லாம் வாந்தியெடுத்து, ட்ராமில் ஏறாமலே திரும்பினார்.

வருஷக்கணக்காகக் கையெழுத்துப்பிரதி கட்டிலுக்கடியில் கிடந்தது. மாலையும் கழுத்துமாக மேடையேறி, அதைத் தன் கையால் வெளியிடவேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

மகன் கௌசிகன் அந்தப் பேச்சை எடுத்தாலே சிரிப்பான். மனைவி தவநாயகி இன்னும் ஒருபடி மேலே போவாள்: ட்ராமிலே ஏறினாலும் இறங்கலாம், இவரின்ர கதையிலே ஏறினால் இறங்க ஏலாது.

வயிற்றுநோவென்று ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவர் போன கிழமை வீடு வந்ததும், இரண்டு பேரும் ஒரேயடியாக மாறிவிட்டார்கள். பிரதி ஈஸ்ட் ஹாமில் அச்சகம் வைத்திருக்கும் றெஜினோல்டிடம் போய்விட்டது என்றான் மகன். விலை போடவில்லையாம், வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பதாம். கடைசியில் புத்தகத்தை வாசித்துவிட்டார்கள் என்று செல்வரத்தினம் முடிவுகட்டினார். அறிவுக்கு விலையேது என்றும் ஒரு பெருமூச்சு விட்டார்.

“மண்டபம் எடுத்தாச்சோ?”

“நாள் இன்னும் சரிவரேல்லை அப்பா.”

“கெதியாப் பார். தலைமைக்கு ஒரு கலாநிதியைப் பிடி. ஏற்புரை நான் முக்கால் மணித்தியாலம் பேசுவன்.”

தவநாயகி எழும்பிக் குசினிக்குள் போனாள். அவர் பேச்சென்று தொடங்கினால் அவள் எழும்பிப் போவது புதிதல்ல.

படமெடுத்தவனை வழியனுப்பக் கௌசிகன் கீழே இறங்கினான். கட்டிலில் மகன் விட்டுப்போன போன் அடித்தது. திரையில் றெஜினோல்டின் பெயர்.

நல்லதாய்ப் போயிற்று. முதல் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டியிருந்தது. தெருவுக்குள் புதைத்த மின்கம்பியில் கடல்மணலும் உப்புத்தண்ணீரும் புகுந்து, ஓடிய ட்ராம் நடுவழியில் நின்றுபோன சங்கதி. எழுத்தாளருக்குரிய கம்பீரத்தோடு போனைக் காதில் வைத்துத் தொண்டையைச் செருமினார்.

செருமியது மகனென்று நினைத்த றெஜினோல்ட் காத்திருக்கவில்லை.

“தம்பி கௌசிகன், ஐயா பிறந்த திகதி அட்டையில அடிச்சாச்சு, பக்கத்தில மற்றத் திகதிக்கு இடம் விட்டிருக்கிறன்.”