கடைசி வளையம்

கடைசிப் பாட்டு முடிந்தும் அவள் ஊசியைத் தூக்கவில்லை.

பாட்டெல்லாம் தீர்ந்த இடத்தில், இசைத்தட்டின் உள் விளிம்பில், கோடு வட்டமாக மூடிக்கொள்கிறது. ஊசி அதில் விழுந்தால் வெளியே வராது. யாராவது தூக்கும்வரை அதே ஒரு சுற்று. அதே சத்தம்.

சர். சர். தட்.

"பிரஷ்!" என்றார் சீதாபதி, கண்ணை மூடியபடி. "இதுக்குத்தாம்மா உயிரை விடறோம்."

'சால்ட் ரோடு' ஆல்பத்தின் முதல் நூறு பிரதிகளில் ஒன்று அவருடையது. பிறகு அச்சான எதிலும் இந்தச் சத்தம் கிடையாது. டிரம்மர் கம்பிப் பிரஷால் வாசித்ததாம். சேகரிக்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதி நிரூபித்திருக்கிறார்கள். பிரஷ் பிரதி என்றே பெயர். ஹாஸ்டல் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்து இதைக் கேட்ட கதையைக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தடவை அவளுக்கும் பிடித்திருந்தது.

நோயல் சிரித்தார்.

அவர்தான் அந்த இசைக்குழுவின் கிதார்காரர். வீடும் அவருடையது. ஆல்பத்தை மறுபடி வெளியிடப் போகிறார். மூல ஒலிநாடா பூஞ்சை பிடித்துப் போயிற்று. அதனால் சீதாபதியின் தட்டிலிருந்தே கணினிக்கு மாற்றிச் சுத்தம் செய்ய அவளை வரவழைத்திருந்தார். அவள் படித்த படிப்பு அது. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் படித்ததில்லை.

"பிரஷ்ஷும் இல்ல, மண்ணும் இல்ல மேன்," என்றார் நோயல். "நாங்க பிரியாணி சாப்பிடப் போய்ட்டோம். மைக்கை எவனும் ஆஃப் பண்ணல. ஸ்டுடியோல பெருக்க ஒரு பொண்ணு வரும். அது பெருக்குது. அவ்ளோதான்."

சீதாபதி கண்ணைத் திறந்தார்.

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?"

"நீங்க எல்லாரும்தான் கலைன்னு சொன்னீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?" அவள் பக்கம் திரும்பினார். "அந்தக் குப்பையை வெட்டிடும்மா. பாட்டோட நிறுத்திக்கோ."

குப்பை.

திரையில் சத்தம் பச்சைக் கோடாக ஓடியது. இரண்டு மேடு. ஒரு முள். மறுபடி இரண்டு மேடு. ஒரு முள்.

ஒரு விசையை அழுத்தினால் போய்விடும்.

சர். சர். தட்.

இரண்டு இழுப்பு. உள்ளங்கையில் ஒரு குத்து.

கட்டுத் தளர்ந்த விளக்குமாறு. வேலை செய்கிற இடத்தில் தேய்ந்ததைத்தான் கொடுப்பார்கள். இரண்டு இழுப்புக்குள் குச்சிகள் சரிந்துவிடும். குத்திக் குத்திச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு நல்ல விளக்குமாறு வந்த பிறகும் அம்மாவின் கை மாறவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பாட்டுப் பிடிக்கிற இடத்தில் பெருக்கினாளாம். அத்தை சொல்லியிருக்கிறாள்.

ஏழு வயதுவரை இதைக் கேட்டுத்தான் அவள் கண் விழித்தாள்.

பிறகு அம்மா இல்லை.

ஒரு போட்டோ இருக்கிறது. சத்தம் எதிலும் இல்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்ன சார்?"

நோயல் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"என்னவோ... அம்மான்னு முடியும்."

ஆல்பத்தின் அட்டை மேசைமேல் கிடந்தது. பின்பக்கம் நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் வளர்த்த நாயின் பெயர்கூட இருந்தது.

"பச்சையம்மா," என்றாள். "எங்கம்மா. நான் வெட்ட மாட்டேன். அட்டையில பேரைப் போடுங்க."

நோயல் அட்டையைத் திருப்பி வைத்தார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா," என்றார் சீதாபதி. "ஊசி தேயுது."

அவரே எழுந்து வந்து ஊசியைத் தூக்கினார். தட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திரையில் கோடு படுத்தது.

சர். சர். தட்.

ஸ்பீக்கரிலிருந்து இல்லை.

கதவுப் பக்கமிருந்து.

சுவரோரமாக வந்தது. மூலையில் கொஞ்சம் நின்றது. மூலையில் எப்போதும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். திரும்பியது. வெயில் விழுந்த தரையில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் மட்டும்.

சர். சர். தட்.

மேசைக்கு அடியில் குனிந்தது. அவள் நாற்காலியை நெருங்கியது.

அவள் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டாள்.

யோசித்துச் செய்யவில்லை. பாடப்புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அப்படித் தூக்கிப் பழகிய கால்கள்.

பாதங்களுக்கு அடியில் காற்று லேசாகக் கலைந்தது.

நோயல் அவளைப் பார்த்தார். அவள் கால்களைப் பார்த்தார். கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, யார் என்று நிமிர்ந்தும் பார்க்காமல், அவரும் ஒரு காலத்தில் தூக்கியிருப்பார்.

இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார்.

சத்தம் அவரையும் கடந்தது.

"என்னடா இது, ரெண்டு பேரும்..." சீதாபதி அறையின் நடுவில் நின்றிருந்தார். தட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அவர் கால்விரல்களுக்கு முன்னால் வந்து சத்தம் நின்றது.

காத்திருந்தது.

தட்.

"நகருடா," என்றார் நோயல். சீதாபதி நகரவில்லை. மறுபடி சொன்னார்.

"நகரு. பச்சையம்மா பெருக்குறாங்க இல்ல?"